ஒரு டம்ளர் ஓமத்தண்ணீர்

சாப்பாட்டு விஷயத்தில் நான் ஒருநாளும் வெட்கப்பட்டவன் இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் எனக்கு வேலை. வெள்ளை மெத்தைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சேலையைப் பிரித்துக் காட்ட வேண்டும். கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பங்கள் போகிற போக்கில், "நீயும் கல்யாணத்துக்கு வந்துடுப்பா" என்று பத்திரிகையை நீட்டுவார்கள். கடையில் மற்றவர்கள் அதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். நான் நிஜமாகவே போய்விடுவேன். முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இலையிலேயே வழித்துச் சாப்பிட்டுவிட்டு வருவேன். சாப்பாட்டு ராமன் என்று கடையில் எனக்குப் பேர். அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நெஞ்சுப் படபடப்பைப் பற்றியும் ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பற்றியும் எழுதினால் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கும் என்று கடைக்கு வரும் ஒரு வாத்தியார் சொன்னார். எழுதுகிறேன். ஆனால் நோயைப் பற்றி மட்டும் எழுத இரண்டு பக்கம் போதும். அந்த நோயை மறைக்கப் போய் என் மாமியாருக்கு நான் செய்த துரோகத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் இது முழுப் பொய்யாகிவிடும்.

முதலில் நோய். வயிறு முட்டச் சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். எதிர்க்காற்றில் நாலு மைல் சைக்கிள் மிதித்தவனுக்கு அடிப்பதுபோல் நெஞ்சு அடிக்கும். சும்மா உட்கார்ந்திருப்பேன், கழுத்து நரம்பு துடிப்பது காதில் கேட்கும். மூச்சை இழுத்தால் பாதியோடு நின்றுவிடும். படுத்தால் இன்னும் மோசம். நேராக உட்கார்ந்து, சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். பிறகு தானாகவே அடங்கும். அடங்கியதும் எனக்கு மறந்துபோகும். அடுத்த பந்திக்குத் தயாராகிவிடுவேன்.

இது எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். தெரியும். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போயிருந்தேன். ஓட்டத்தில் தேறினேன். உயரம் சரியாக இருந்தது. கடைசியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். "சின்ன வயசிலே மூட்டு மூட்டா வீங்கிக் காய்ச்சல் வந்துதா?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதில் வந்தது, ஒரு மாதம் படுத்திருந்தேன் என்று சொன்னேன். "நெஞ்சிலே ஒரு சத்தம் இருக்குது. வேலை கிடையாது. ஆனா பெரிய ஆஸ்பத்திரியிலே கண்டிப்பா காட்டிடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? மார்பளவு அரை அங்குலம் குறைந்துவிட்டது என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது, அளந்தவன்மேல். அதற்குப் பிறகு இரண்டு மாதம் தினமும் ஒரு முட்டை கொடுத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் யார் பெண் கொடுப்பார்கள்? நெஞ்சிலே சத்தம் என்ற சங்கதியை அப்படியே விழுங்கிவிட்டு, ஒரு வைகாசியில் பூங்காவனத்தின் கழுத்தில் தாலி கட்டினேன்.

பூங்காவனத்தின் வீடு பிள்ளையார்பாளையத்தில். மாமனாரும் மாமியாரும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். மாமியாரின் கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். கல்யாணத்தன்று கூட மருதாணிக்குக் கீழே நீலம் தெரிந்தது. அதிகம் பேசாதவர். ஆனால் கண் கூர்மை. சாயத் தொட்டியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மனுஷன் முகத்தில் நிறம் மாறினாலும் தெரியும் போலிருக்கிறது.

ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டு மாப்பிள்ளைக்கு விருந்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரிசிக்குத் திண்டாடிய காலம் அது. ரேஷனில் போடுவது வாரத்துக்குக் காணாது. அப்படியும் மாமனார் எங்கேயோ அலைந்து நல்ல பச்சரிசியாக வாங்கி வந்திருந்தார். கறிக்குழம்பு, ஈரல் வறுவல், வடை, பருப்புப் பாயசம். மாப்பிள்ளை போதும் என்று சொன்னால் மாமியார் வீட்டுக்கு மரியாதை இல்லை. எனக்கோ போதும் என்று சொல்லியே பழக்கம் கிடையாது. மூன்று தரம் சோறு வாங்கினேன். அவர்கள் மூன்று பேரும் அன்று என்ன சாப்பிட்டார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிட்டது. யாரும் பார்க்கக் கூடாது என்று பின்பக்கம் போய்க் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடித் திறந்தால் எதிரில் மாமியார் நிற்கிறார்.

"மாப்ள, ஒதடு ஏன் இப்பிடி நீலம் பூத்திருக்குது?"

"ஒண்ணுமில்ல அத்தை. வெயிலு."

"வெயிலுக்கு ஒதடு கறுக்கும், நீலம் பூக்காது." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒடம்புக்கு முன்னாடியே ஏதாச்சும் இருக்குதா? இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சோத்தையாச்சும் அதுக்குத் தக்கினாப்ல போடுவேன்."

இதைவிட மரியாதையாக ஒரு மனுஷி ஒருவனைக் கேட்க முடியாது. "எனக்கு இன்னா அத்தை, ஒண்ணுங் கெடையாது. சோறு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று பல்லைக் காட்டினேன். அவர் உள்ளே போய் ஓமத்தைப் பொரித்துக் கொதிக்க வைத்து ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். சாயங்காலம் வழக்கம்போல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று சைக்கிளில் வந்ததில் படபடப்பு மறுபடியும் கிளம்பிவிட்டது. வீட்டு வாசலில் அம்மாவின் கண் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா இல்லாத வீடு, ஒரே பிள்ளை. அம்மா பதறிவிட்டாள். மூச்சு வந்ததும் முதல் கேள்வி இதுதான்: "தணிகா, அங்க எல்லாரோடயும் சாப்ட்டியா? இல்ல ஒனக்குன்னு தனியா ஏதாச்சும் குடுத்தாங்களா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளையைப் பெண்ணின் முந்தானையில் முடிந்துவைக்க மருந்து வைத்துவிட்டார்களா என்பது. சோற்றில், வெற்றிலையில், பாலில் வைப்பார்கள் என்று நம்புகிறவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த நோய்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

நான் சொன்னேன்: "சாப்ட்டப்புறம் டம்ளர்ல ஏதோ குடுத்தாங்க."

ஏதோ. ஓமத்தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? ஓமத்தின் வாசனை தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் உண்டா? ஓமம் என்று சொல்லியிருந்தால், ஏன் கொடுத்தார்கள் என்ற கேள்வி வரும். கிணற்றடியில் நின்றது வரும். எத்தனை நாளாக இப்படி என்று வரும். கடைசியில் போலீஸ் டாக்டர் வந்து நிற்பார். அதனால் ஏதோ என்றேன். இன்றைக்கு என்னை யாராவது எழுப்பி, நீ செய்த பாவம் எது என்று கேட்டால் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன்.

பதினைந்து நாள் கழித்து அம்மா என்னை மருந்து எடுக்கிற ஒரு அம்மாளிடம் கூட்டிப் போனாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த அம்மாள் பேச்சுவாக்கில், "சம்மந்தி வூட்ல இன்னா தொழிலு?" என்று கேட்டாள். "பட்டுக்குச் சாயம் போடறாங்க" என்றாள் அம்மா. பிறகு அந்த அம்மாள் எனக்கு ஏதோ பச்சைச் சாற்றைக் குடிக்க வைத்தாள். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. சாம்பல் போட்ட மண்சட்டியில் அதைப் பிடித்து, குச்சியால் கிளறி, கறுப்பாக ஒரு உருண்டையை எடுத்துப் பிளந்தாள். உள்ளே சிவப்பாக ஒரு துண்டுப் பட்டு நூல். அம்மா வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த நூலைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. பெண்ணை அழைத்துவர நாங்கள் போகவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு மாமனாரே வந்தார். அம்மா உட்காரக்கூடச் சொல்லவில்லை. காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் தொழில்காரர் இல்லையா, கை தானாக அந்த நூலை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தது.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா" என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன். நூலைத் தண்ணீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் லேசாகச் சிவந்தது.

"பாத்துக்கோங்க. எங்க சாயம் கொதிக்கிற தண்ணியில ஏத்தறது. இப்பிடிப் பச்சத் தண்ணிக்கு எறங்காது. சரி, யாரோட சாயமாவோ இருக்கட்டும். பதினஞ்சு நாளு வயித்துக்குள்ள ஊறின நூலு, ஒரு சொம்பு தண்ணிக்கு மறுபடி சாயம் வுடுமா? நீங்களே சொல்லுங்க மாப்ள. நீங்க பட்டுக்கடையில கீறவரு, ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்த உடனேயே தெரிந்தது. கடையில் சாயம் போகும் சேலையை நூறு பேர் கொண்டுவந்து சண்டை போட்டுப் பார்த்தவன் நான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எம் புள்ள உசிருக்குப் போராடிக்கினு இருக்கான், நீங்க சாயத்தப் பத்திப் பேசறீங்களா?" என்று அம்மா கத்தினாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மனைவியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு இரண்டு மாதம் நன்றாகச் சாப்பிட்டேன். மருந்து எடுத்தாகிவிட்டது, இனிமேல் பயமில்லை என்று அம்மா இரட்டிப்பாகப் போட்டாள். படபடப்பும் இரட்டிப்பாக வந்தது. அதை அவளுக்குத் தெரியாமல் மறைத்தேன். சரஸ்வதி பூஜையன்று முதலாளி கடை ஆட்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார். அன்று இலையை விட்டு எழுந்தவன் கை கழுவும் இடம்வரைக்கும்கூடப் போகவில்லை. மூச்சு நின்றுவிட்டது. இருமினேன். இளஞ்சிவப்பாக நுரை வந்தது. என் கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் குதிரை வண்டியில் தூக்கிப் போட்டு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் முங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வேன். அப்படித்தான் இருந்தது, தண்ணீர் வெளியே இல்லாமல் உள்ளே இருந்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். ஊசி போட்டு, பிராணவாயு வைத்து, என்னை உட்கார்ந்த நிலையிலேயே வைத்துக் காப்பாற்றினார்கள். மறுநாள் கடிதம் எழுதிக் கொடுத்து மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அம்மா என் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

அங்கே நீளமான ஆண்கள் வார்டு. இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில். என் கட்டிலில் முதுகுக்கு மூன்று தலையணை. முதல் நாளே ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈ.சி.ஜி. என்று ஒன்று. கைகால்களில் பட்டை கட்டி, நெஞ்சில் ரப்பர் குமிழ்களை ஒட்டவைத்து, இதயம் அடிப்பதைக் காகிதத்தில் கோடாக எழுதி எடுக்கும் மெஷின். வலிக்கவே வலிக்காது. ஆனால் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரில் பேசியவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் அவரவர் நெஞ்சைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

பெரிய டாக்டர் வந்து குழாயை வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. பின்னால் நின்ற மாணவர்களைப் பார்த்து, "எல்லாரும் கேளுங்க, இவ்வளவு தெளிவா அடிக்கடி கிடைக்காது" என்றார். அதற்குப் பிறகு தினமும் வரிசை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படு, மூச்சை வெளியே விட்டு நிறுத்து. ஒவ்வொருத்தராக வந்து என் நெஞ்சில் குழாயை வைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எந்தச் சத்தத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் உலகத்துக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தேனோ, அதை இருபது பேர் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை பூங்காவனம் வந்தாள். கடைக்காரர் ஒருவர் சொல்லி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாமனார் வார்டு வாசலோடு நின்றுவிட்டார். யாரும் அழைக்கவில்லை, யாரும் போ என்றும் சொல்லவில்லை. அவள் வந்து என் தலைமாட்டில் இருந்த பாத்திரங்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அம்மா என் காதில், "அவ கையால தண்ணிகூட வாங்காத" என்றாள். அம்மாவின் குரலுக்குக் காதோடு பேசத் தெரியாது.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கஞ்சி வந்தது. உப்பில்லாத கஞ்சி. உடம்பில் நீர் சேராமல் இருக்க எனக்கு உப்பை நிறுத்தியிருந்தார்கள். பூங்காவனம் அதை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை எடுத்து அம்மாவுக்கு எதிரில் நின்று முழுதும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த டம்ளரை என்னிடம் நீட்டாமல் அம்மாவிடம் நீட்டி, "நீங்களே குடுங்க" என்றாள். தினமும் மூன்று வேளையும் இப்படித்தான். மாடு கன்றைப் பார்க்க அம்மா ஊருக்குப் போய்விட்ட நாட்களிலும், எனக்கு முன்னால் அவள் ஒரு டம்ளர் குடிப்பது நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர், "ஒங்க சம்சாரத்துக்கும் உப்பில்லாத பத்தியமா தம்பி?" என்று கேட்டார்.

பெரிய டாக்டர் நோயை இப்படி விளக்கினார். இதயத்துக்குள் ரத்தம் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு இறங்க ஒரு கதவு இருக்கிறது. வால்வு என்று அதற்குப் பேர். சின்ன வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அந்தக் கதவைத் தடிக்க வைத்துவிட்டது. பாதிதான் திறக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டால் அதைச் செரிக்க வைக்க ரத்தம் கூடுதலாகப் போக வேண்டும், இதயம் வேகமாக ஓடும். எல்லோருக்கும் ஓடுவதுதான், மற்றவர்களுக்குத் தெரியாது. இதயம் வேகமாக அடித்தால் குறுகின கதவு வழியாக ரத்தம் இறங்க நேரம் போதாது. அது பின்னால் நுரையீரலில் தேங்கும். மேலே முட்டுகிற வயிறும் மூச்சை இழுக்க விடாது.

"முன்னாடி எந்த டாக்டராவது இதைச் சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். அம்மா பக்கத்தில் இருந்தாள். சாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்தும் வாய் திருந்தவில்லை பாருங்கள்.

மறுநாள் மத்தியானம், அம்மா ஊருக்குப் போயிருந்த நேரம், டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்து என் கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நோயாளியிடம் ஆதியோடந்தமாக விசாரித்து எழுத வேண்டும் என்பது அவளுக்குப் பாடம். பொறுமைசாலி. பிறந்தது முதல் கேட்டாள். "சத்தம் இவ்வளவு தெளிவா இருக்கே, ஓட்டப்பந்தயம், ராணுவம், போலீஸ்னு எதுக்காவது போனீங்களா? அங்கே செக் பண்ணியிருப்பாங்களே?"

பூங்காவனம் கட்டிலின் மறுபக்கம் நின்று சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்போது சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து நாளாக அவள் குடித்த உப்பில்லாத கஞ்சி என் தொண்டையில் நின்றது என்று நினைக்கிறேன்.

"போனேங்க. போலீசுக்கு. நெஞ்சுல சத்தம் இருக்குதுன்னு அங்கயே டாக்டர் சொன்னாரு. பெரிய ஆஸ்பத்திரியில காட்டச் சொன்னாரு. நான் காட்டல."

"எந்த வருஷம்?"

"கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி."

அந்தப் பெண் எழுதிக்கொண்டு போய்விட்டாள். பூங்காவனம் கையை நிறுத்தவில்லை. பழத்தை முழுக்க உரித்து, கொட்டை எடுத்து, தட்டில் வைத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"கெணத்தாண்ட எங்கம்மா ஒங்கள கேட்டாங்களா, இல்லியா?"

"கேட்டாங்க."

"குடுத்தது ஓமத்தண்ணின்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவர்கள் தெருவில் அம்மன் கோயிலுக்கு ஆவணியில் கூழ் ஊற்றுவார்கள். பெரிய அண்டாவில் கூழ் கிண்டுவதும் வருகிறவர்களின் சொம்பில் ஊற்றுவதும் வருஷா வருஷம் என் மாமியார்தான். மருந்து வைத்த கதை எப்படியோ தெருவுக்கு எட்டிவிட்டது. கூழ் ஊற்றுகிற அன்று நாலு பெண்கள் வந்து, இந்த வருஷம் நாங்க பாத்துக்கறோம் அக்கா, நீ செத்த ஒக்காரு என்று கரண்டியை வாங்கிக்கொண்டார்களாம்.

"எங்கம்மா ஊட்டுக்கு வந்து கையக் கழுவிக்கினே இருந்தாங்க. சாயம் போற மட்டும் கழுவறேன்னாங்க. அது போற சாயமா?" என்றாள். "எனக்கு ஒண்ணும் நீங்க செய்ய வேணாம். எங்கம்மாகிட்ட சொல்லணும். ஒங்கம்மா இருக்கச்சயே சொல்லணும். அப்புறம் எங்க தெருவுல சொல்லணும். சொல்லாட்டி நான் இங்கேர்ந்து நேரா எங்க ஊட்டுக்குப் போயிடுவேன்."

சொல்கிறேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இருந்தாலும் சாத்துக்குடிச் சுளை ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொள்ளாமல் அப்படியே தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அவள் வந்த ஐந்து நாளில் முதல் தடவை.

இருபத்திரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இதயத்தின் ஓட்டத்தைக் குறைக்க ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒரு தரம் பெனிசிலின் ஊசி. மூட்டுக்காய்ச்சல் மறுபடி வந்து கதவை இன்னும் கெடுக்காமல் இருக்க அந்த ஊசி. இடுப்பில் போட்டால் இரண்டு நாள் நொண்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி சோறு. பின்னால் தேவைப்பட்டால் ஆபரேஷன். இதையெல்லாம் விவரமாக எழுதியதற்குக் காரணம், சாப்பிட்டபின் என்னைப்போல மூச்சு வாங்குகிறவர் யாராவது இதைப் படித்தால், உடனே போய்க் காட்டுங்கள். மந்திரித்துக்கொண்டு திரியாதீர்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊருக்குப் போகாமல் பிள்ளையார்பாளையம் போகலாம் என்றேன். அம்மா முறைத்தாள். ஆனாலும் வந்தாள். மாமியார் பின்கட்டில் சாயத்தில் நனைத்த நூல் கற்றைகளைப் பிழிந்துகொண்டிருந்தார். அன்றைய நிறம் மஞ்சள். மாமனார் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் நின்ற இடத்திலேயே சொன்னேன். போலீஸ் டாக்டரை, கிணற்றடியை, ஓமத்தை, ஏதோ என்று சொன்னதை, சிவந்த தண்ணீரைப் பார்த்துக் கூரையைப் பார்த்ததை. சொல்லச் சொல்ல நெஞ்சு அடித்தது. அன்று நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அம்மாதான் முதலில் உடைந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடா? பெத்தவகிட்டயா மறைப்பே? இவங்கள நான் வாயில வந்தபடி பேசினேனேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டு மாமியாரின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள சொன்னத நம்பினேம்மா."

"புள்ள சொன்னா பெத்தவ நம்பாம இருப்பாளா?" என்றார் மாமியார். என்னைப் பார்த்து, "ஊசி எத்தினி நாளைக்கு ஒருக்கா மாப்ள?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. பூங்காவனம் தை பிறந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

தெருவில் சொல்வதுதான் பாக்கி. எங்கே, எப்படிச் சொல்வது என்று தள்ளிக்கொண்டே போனேன். அடுத்த ஆவணியில், கூழ் ஊற்றுகிறதற்கு முந்தின ஞாயிறு, அம்மன் கோயிலில் பெண்கள் கேழ்வரகு மாவு அளந்து வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று சொன்னேன். ஒரு ஆண்பிள்ளை பட்டப்பகலில் தன் வண்டவாளத்தைத் தானே சொல்லி அந்தத் தெரு பார்த்ததில்லை. சிலர் வாயை மூடிச் சிரித்தார்கள். ஒரு கிழவி, "த்தூ" என்றாள். நியாயம்தான். அவர்களில் நாலு பேர், போன வருஷம் கரண்டியை வாங்கிய அதே நாலு பேர், அப்போதே என்னோடு கிளம்பி மாமியார் வீட்டுக்கு வந்தார்கள்.

"மனசுல வெச்சிக்காத அக்கா. இந்த வருஷம் நீதான் வந்து ஊத்தணும்."

மாமியார் அவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். மோர் டம்ளரை அவர் தன் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை. பானையையும் டம்ளர்களையும் கொண்டுவந்து நடுவில் வைத்து, மொண்டுக்கோங்க என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கூழ் அன்று காலை பத்து மணிக்குப் பம்பை சத்தம் கேட்டது. நாங்களும் வந்திருந்தோம். தெருவெல்லாம் சொம்பும் தூக்குமாகப் போனார்கள். மாமியார் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய், "அத்தை, எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க. அதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே. எல்லாரும் நம்பிட்டாங்களே" என்றேன்.

"அவங்க நம்பிட்டாங்க மாப்ள. நீங்க தைரியமா சொன்னீங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் முடியல. இத்தினி பேரு குடிப்பாங்க. அதுல ஒரு கொழந்தைக்குப் பொரையேறி இருமினா, எல்லாரும் எங் கையத்தான் பாப்பாங்களோன்னு தோணுது. அவங்க பாக்காட்டியும் நான் பாப்பேன்."

பூங்காவனம் சொம்பை எடுத்துக்கொண்டு கூழ் வாங்கப் போனாள்.